பழைய காட்லிங், மாக்சிம் சேகரிப்பு: வயதா, விசையா, காகிதமா?

பென்சில்வேனியா_பாலா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. பழைய கடிகாரங்கள், அளவைக் கருவிகள் என்று சுற்றிக்கொண்டிருந்தவன், கொஞ்ச நாளாகத் தொடர்ந்து சுடும் பழைய துப்பாக்கிகளின் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். சமீபத்தில் இங்கே ஓர் ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொருள்களைப் பார்த்தேன். ஒன்று கோல்ட் கம்பெனி செய்த 1883 மாடல் காட்லிங். பத்துக் குழல்களையும் மூடிய பித்தளை உறை. இன்னொன்று அர்ஜென்டினா ராணுவம் 1890களில் வாங்கிய மாக்சிம். அதற்கும் பித்தளை உறைதான், ஆனால் உள்ளே தண்ணீர் நிற்பதற்காக.

காட்லிங்கின் அட்டையில் "பழம்பொருள், பதிவு தேவையில்லை" என்று இருந்தது. மாக்சிமின் அட்டையில் "பதிவுள்ளது, படிவம் 4 வழியாக மட்டுமே கைமாறும்". 1898 வரை செய்த துப்பாக்கி எல்லாமே பழம்பொருள் கணக்கு என்றல்லவா படித்திருந்தேன்? இரண்டும் அதற்கு முந்தையவைதான். அப்புறம் ஏன் ஒன்றுக்கு மட்டும் இந்தக் கெடுபிடி? அங்கே நின்ற ஊழியரிடம் கேட்டேன், "அது அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்.

வாங்கும் வசதி இப்போது இல்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஹார்ட்ஃபர்ட்வாசி

வாங்க பாலா. இந்தப் பக்கம் வருகிற எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

அமெரிக்க மத்தியச் சட்டம் துப்பாக்கி எந்த வருடம் பிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், அது எப்படிச் சுடுகிறது என்று கேட்கிறது. 1934இன் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, விசையை ஒரு முறை இயக்கினால் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் தானாகப் பாயுமானால் அது இயந்திரத் துப்பாக்கி. காட்லிங்கில் அப்படி ஒரு விசையே கிடையாது. ஆள் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சுற்றுவதை நிறுத்தினால் சுடுவதும் நின்றுவிடும். கையால் சுற்றும் காட்லிங் அந்த வரையறைக்குள் வராது என்று 1955இலேயே வருவாய்த் துறை தீர்த்துவிட்டது. அதே காட்லிங்கில் மோட்டாரை மாட்டினால் வரையறைக்குள் வந்துவிடும். (டாக்டர் காட்லிங்கே 1893இல் மின் மோட்டார் மாட்டிப் பார்த்தார். நிமிடத்துக்கு 3,000 குண்டு என்ற வேகம் வந்தது. அன்றைய ராணுவத்துக்கு அது எதற்கும் தேவைப்படவில்லை.)

மாக்சிம் வேறு ஜாதி. விசையை அழுத்திப் பிடித்தால், தோட்டா பெல்ட் தீரும்வரை அது பாட்டுக்குச் சுடும். 1898 விலக்கு இருக்கிறதே, தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் அதற்கு ஒரு வால் உண்டு: தோட்டா போட்டுச் சுடுவதானால், அந்தத் தோட்டா இப்போது இங்கே செய்யப்படாமலும் எளிதில் கிடைக்காமலும் இருக்க வேண்டும். படிக்கிறவர்கள் பாதிப் பேர் வாலைப் பார்ப்பதில்லை. ஆக, மாக்சிமுக்கு வயதை மட்டும் காட்டி விலக்குக் கேட்க முடியாது. கார்ட்னர், நார்டன்ஃபெல்ட் போன்றவை கைப்பிடியாலோ நெம்புகோலாலோ இயங்குபவை, அதனால் அவை காட்லிங் பக்கம்.

இதெல்லாம் மத்தியச் சட்டம் மட்டும். உங்கள் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பென்சில்வேனியா_பாலா

அருமை, இப்போதுதான் தலை சுற்றுவது நின்றது. இன்னொரு கேள்வி. அந்த மாக்சிமை "பதிவுள்ளது" என்று அவ்வளவு பெருமையாக ஏன் போட்டிருந்தார்கள்? பதிவில்லாததை வாங்கிப் பதிவு செய்துகொள்ள முடியாதா?

ஹார்ட்ஃபர்ட்வாசி

முடியாது. அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது.

1968இல் ஒரு மாதம் பொதுமன்னிப்புக் காலம் கொடுத்தார்கள், நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை. வீட்டில் பதிவில்லாமல் இருப்பதைக் கேள்வி கேட்காமல் பதிந்துகொள்ளலாம் என்று. முதல் உலகப்போரில் இருந்து தாத்தா கொண்டுவந்தது, இரண்டாம் உலகப்போரில் இருந்து அப்பா கொண்டுவந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. அதற்குப் பிறகு பொதுமன்னிப்பு வரவில்லை. 1986 மே 19 அன்று, தனியாருக்கான புதிய பதிவும் நின்றது. அன்றைக்கு ஏட்டில் என்ன இருந்ததோ அதுதான் கையிருப்பு, இனி அது குறையத்தான் செய்யும்.

அதனால் வேடிக்கையான நிலைமை. உலகப்போரில் லட்சக்கணக்கில் செய்த துப்பாக்கிக்கும் இங்கே பெருந்தொகை. அரிதாக இருப்பது இரும்பு இல்லை, காகிதம். 1934இல் போட்ட 200 டாலர் வரி இன்றுவரை இயந்திரத் துப்பாக்கிக்கு அதே 200தான். அன்று ஒரு தாம்சனின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவு, யாரும் வாங்கக் கூடாது என்றே வைத்த வரி. இன்று வாங்குகிறவர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இதன் சோகப் பக்கமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் காலமான பிறகு பரணில் ஒரு ஜெர்மன் 08/15 (இலகு வகை மாக்சிம்) கிடைத்தது. அவருடைய அப்பா 1919இல் பிரான்சில் இருந்து கொண்டுவந்தது. கொண்டுவர அனுமதித்த ராணுவக் கடிதம்கூட இருந்தது. ஆனால் 1968இல் பதியவில்லை. கடிதம் உதவவில்லை. வைத்திருந்தால் குற்றம், விற்றால் குற்றம். வக்கீல் வைத்துப் பேசி ஓர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, நல்ல வேளை. இல்லையென்றால் வெட்டிப் போட்டிருப்பார்கள். பதிவு இருந்திருந்தால் வாரிசுக்குப் படிவம் 5இல், வரியே இல்லாமல் வந்திருக்கும்.

கோவை_கடைசல்

சட்டம் கிட்டம் எனக்குத் தெரியாது. பட்டறைக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

மகனைப் பார்க்க இங்கிலாந்து போனபோது லீட்ஸில் ராயல் ஆர்மரீஸ் ஆயுத அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். கவசமும் வாளும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் நினைத்தேன். மாக்சிம் முன்னால் நின்றவனை அவனால் நகர்த்த முடியவில்லை.

அதன் வேலை இப்படி. குண்டு வெடித்ததும் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் அல்லவா? எல்லோரும் அந்த உதையைத் தொல்லை என்று நினைத்தார்கள். மாக்சிம் அதையே எஞ்சினாக்கினார். குழலும், அதன் பின்னால் பூட்டிய லாக்கும் (தோட்டாவை உருவிச் செருகி வெடிக்க வைக்கும் பாகம்) சேர்ந்து கொஞ்ச தூரம் பின்னுக்கு வரும். அந்த நேரத்தில் இரண்டையும் பூட்டி வைக்கும் மூட்டு, நீட்டிய முழங்கால் போல விறைப்பாக நிற்கும், அழுத்தம் எவ்வளவு வந்தாலும் மடங்காது. குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் வலது பக்கக் கிராங்க் ஓர் உருளையில் மோதித் திரும்பும், முழங்கால் மடங்கும், லாக் தனியாகப் பின்னுக்கு ஓடும். ஓடும்போதே அதன் முகப்புத் தகடு ஒரே இழுப்பில் இரண்டு வேலை பார்க்கிறது: குழலில் இருந்து காலித் தோட்டாவையும், மேலே பெல்ட்டில் இருந்து புதுத் தோட்டாவையும் சேர்த்து உருவுகிறது. அப்புறம் தகடு கீழே இறங்கும், புதுத் தோட்டா குழலுக்கு நேராக வந்து நிற்கும். இடது பக்கம் ஒரு பெட்டிக்குள் இருக்கிற ஸ்பிரிங் இவ்வளவு நேரமும் இழுபட்டு நின்றது, இப்போது அது எல்லாவற்றையும் முன்னுக்கு இழுத்து மூடும். இத்தனையும் ஒரு நொடிக்குள் எட்டு, பத்துத் தடவை.

1880களில், கணினிக் கடைசல் கிடையாது, இன்றைய அதிவேகக் கருவி எஃகு கிடையாது. அந்த லாக்கின் உள்ளே இருக்கிற பள்ளங்களை மில்லிங்கில் எடுத்து, அரத்தால் ராவிப் பொருத்தியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தாலே ராவின கை தெரிகிறது.

வரலாற்றுப்பித்தன்

கோவை ஐயா, நீங்கள் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் அந்த ஒரு நொடிக்குள் எட்டுப் பத்துத் தடவை என்பது எதற்காக என்று ஒருவராவது எழுத வேண்டாமா?

1898 செப்டம்பர் 2, சூடானில் ஓம்டர்மன். ஒரே காலைப் பொழுதில் மஹ்தி படையில் பத்தாயிரம் பேருக்கும் மேல் இறந்தார்கள். பிரிட்டிஷ், எகிப்தியப் படையில் ஐம்பதுக்கும் குறைவு. பீரங்கியும் ரைபிளும் பங்கெடுத்தன, மறுக்கவில்லை. மாக்சிம்களும் அங்கே இருந்தன.

1904 மார்ச் 31, திபெத்தில் குரு கிராமம் அருகே. திரித் துப்பாக்கியும் வாளும் வைத்திருந்த திபெத்தியர்கள் மீது பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மாக்சிம் வைத்துச் சுட்டார்கள். பின்வாங்கியவர்கள் ஓடக்கூட இல்லை, தலை குனிந்து நடந்து போனார்கள் என்று பார்த்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த மாக்சிம் பிரிவின் அதிகாரி, தளபதி இன்னும் சுடச் சொல்லியிருந்தும், படுகொலை வெறுத்துப்போய்ச் சுடுவதை நிறுத்திவிட்டதாக அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் படையில் சீக்கிய, கூர்க்கா சிப்பாய்கள் இருந்தார்கள் என்பதையும் நாம் மறக்க வேண்டாம்.

இப்போது ஏலப் பட்டியல்களைப் பாருங்கள். "காலனி சேவையில் இருந்தது" என்று ஒரு வரி இருந்தால் விலை ஏறுகிறது. யார் மீது சேவை என்று போடுவதில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

கோவை_கடைசல்

உறுத்த வேண்டியதுதான் தம்பி. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த லாக்கைச் செய்தவனின் கையையும் பார்த்துவிட்டேன், அதைப் பார்க்காத மாதிரி இருக்க என்னால் முடியாது.

ஹார்ட்ஃபர்ட்வாசி

இதில் ஒரு முரண் எப்போதும் என்னை நெருடும். காட்லிங் 1877இல் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் போர்முனையில் இருந்து திரும்பி வந்த சிப்பாய்களின் உடல்களில் பல குண்டடியால் அல்ல, நோயால் இறந்தவர்களுடையவை என்பதைப் பார்த்தாராம். ஒரே ஆள் நூறு பேரின் வேலையைச் செய்யும் துப்பாக்கி இருந்தால் பெரிய படையே தேவைப்படாது, சாவும் குறையும் என்று எண்ணினாராம். உண்மையாகவே நம்பினாரா, விற்பனைக்காகப் பின்னால் ஜோடித்த கதையா என்று வாதம் செய்யலாம். எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. போர் நடக்கும்போதே இரு தரப்பையும் வாடிக்கையாளராகப் பார்க்கத் தயங்காத காலம் அது.

பட்டியல்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நல்ல சேகரிப்பாளர் என்றால், பொருள் எங்கே இருந்தது என்பதோடு அங்கே என்ன நடந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பலர் எழுதுவதில்லை, விலை இறங்கிவிடும் என்ற பயம்.

மெல்பர்ன்_முத்து

ஆஸ்திரேலியாவில் இந்தக் கதை வேறு மாதிரி. முதல் உலகப்போர் முடிந்ததும், பிடிபட்ட ஜெர்மன் ஆயுதங்களை ஊர் ஊராகப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பெரிய ஊருக்குப் பீரங்கி, சின்ன ஊருக்கு இயந்திரத் துப்பாக்கி. அதனால் நாட்டுப்புறச் சாலையில் போகும்போது, முன்னாள் வீரர் மன்றக் கூடத்திலோ பூங்காவிலோ, 08 மாக்சிம் ஒன்று தூசியோடு உட்கார்ந்திருக்கும். எந்தப் பட்டாலியன் பிடித்தது என்று உறையில் பெயிண்டில் எழுதியிருக்கும். அந்தப் பெயிண்டுதான் முக்கியம். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது தன்னார்வலர் அதைச் சுரண்டி, மேலே பச்சை பெயிண்ட் அடித்துவிட்டால் போச்சு, அப்புறம் அது யாருடையது என்று சொல்ல ஆளில்லை.

எல்லாமே பூங்காவில் நிற்கவில்லை. சில குளத்தில் வீசப்பட்டன, சில மண்ணுக்குள் போயின, சில பழைய இரும்பாகப் போயின.

ஓர் உதிரிச் செய்தி, நம்மூர் ஆட்களுக்காக. 1914 செப்டம்பர் 22இல் சென்னை மேல் குண்டு போட்ட எம்டன் இருக்கிறதே, நவம்பர் 9இல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து வீழ்த்தியபோது, அதன் ஒரு குழு கரையில் இருந்தது. தந்தி நிலையத்தை உடைக்க இறங்கியவர்கள். தலைவர் ஃபான் மூக்கே. அவர்கள் கையில் நான்கு மாக்சிம் இருந்தன. ஓட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்றைப் பிடித்து சுமத்ரா போய், வேறு கப்பலில் அரேபியக் கரைக்குப் போய், அங்கிருந்து துப்பாக்கிகளை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனத்தில் சண்டை போட்டுக்கொண்டே 1915 மேயில் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள். எம்டனின் பெரிய பீரங்கி ஒன்று இன்றும் சிட்னி ஹைட் பார்க் மூலையில் நிற்கிறது, யார் வேண்டுமானாலும் போய்த் தொடலாம். அந்த மாக்சிம்களில் ஒன்று என்று நிரூபணத்தோடு யாராவது கொண்டுவந்தால், நான் வீட்டை விற்பேன்.

பித்தளைப்பித்து

இழை சூடாகப் போகிறது, நானும் வருகிறேன். பாலாவின் கேள்விக்குச் சட்டப் பதில் கிடைத்துவிட்டது. பொருளைப் பார்க்கும் முறை பற்றி யாரும் எழுதவில்லை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணும் வருடமும். காட்லிங்கின் பித்தளைத் தகட்டில் 1862, 1865 என்று காப்புரிமைத் தேதிகள் இருக்கும். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்து "உள்நாட்டுப் போர்க் காலத்துக் காட்லிங்" என்று துள்ளுவார். அது காப்புரிமை பெற்ற தேதி, செய்த தேதி இல்லை. அமெரிக்க ராணுவம் காட்லிங்கை முறையாக ஏற்றதே 1866இல்தான். மாடல், வரிசை எண், ராணுவப் பரிசோதகரின் முத்திரை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இப்போது புதிதாகச் செய்த காட்லிங்குகளும் சந்தையில் நிறைய. நேர்மையாகப் புதிது என்று விற்கும் வரை பிரச்சினை இல்லை. இருபது வருடம் கழித்து, பித்தளை கறுத்த பிறகு, மூன்றாவது கையில் மாறும்போதுதான் கதை தொடங்கும்.

ஜெர்மன் மாக்சிமில் இன்னொரு பொறி. சிலவற்றில் இரண்டு வருடம் இருக்கும், 1917 என்றும் 1920 என்றும். 1920 என்பது செய்த வருடம் இல்லை. வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு 792 கன இயந்திரத் துப்பாக்கிகளும் 1,134 இலகு இயந்திரத் துப்பாக்கிகளும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றது. அரசுக் கையிருப்பில் இருந்த ஆயுதங்களில் அடையாளத்துக்கு 1920 என்று அடித்தார்கள். ஆகவே அந்த முத்திரை இருந்தால், அந்தத் துப்பாக்கி போர் வெற்றிச் சின்னமாகப் பிரான்சுக்கோ அமெரிக்காவுக்கோ 1919இல் போகவில்லை என்று அர்த்தம். "தாத்தா 1918இல் ஆர்கோன் காட்டில் பிடித்தது" என்ற கதையோடு 1920 முத்திரை வந்தால், தாத்தாவை மரியாதையாகச் சந்தேகிக்கலாம்.

பின்லாந்துக் கையில் இருந்தவற்றில் கட்டத்துக்குள் எஸ், ஏ என்ற இரண்டு எழுத்து இருக்கும். ரஷ்ய 1910 மாடலில் உறைக்கு மேலே பெரிய வாய் இருந்தால் அது பிற்காலத்தது. பனிக்கட்டியை அள்ளிப் போட்டு உருக்குவதற்காக வைத்த அந்த ஏற்பாட்டைப் பின்லாந்துக்காரர்கள்தான் முதலில் செய்தார்கள், ரஷ்யர்கள் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது, பாகங்களின் எண் பொருந்துகிறதா என்பது. இதில் வெறி பிடித்தவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து: பெட்டி, உறை, மேல்மூடி, ஊட்டுபெட்டி பொருந்தினால் கொண்டாடுங்கள். லாக்கின் எண் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு நல்ல துப்பாக்கியை விடாதீர்கள். லாக் அடிக்கடி பழுதாகும் பாகம், துப்பாக்கியோடு மாற்று லாக்கும் போகும், அவசரத்தில் கையில் கிடைத்ததைப் போட்டுச் சுட்டவன் எண் பார்த்திருக்க மாட்டான். எல்லா எண்ணும் கச்சிதமாகப் பொருந்தி, எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் நான் பூதக்கண்ணாடியை எடுப்பேன். நூறு வருடம் துடைத்த எஃகில் எழுத்து மட்டும் புதிதாக இருக்காது.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன், பித்தளையைப் பளபளப்பாக்காதீர்கள். அர்ஜென்டினா மாக்சிம்களில் பாதியை அதற்கு முந்தைய உரிமையாளர்கள் அப்படித்தான் கெடுத்திருக்கிறார்கள். பாலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க முத்திரை மழுங்கும். ஆழமில்லாமல் அடித்த சின்னச் சின்னப் பரிசோதனைக் குறிகள் முதலில் போகும். பட்டியல் படத்தில் தங்கம் போல மின்னும், கையில் எடுத்தால் அடையாளமே இருக்காது. நல்ல பித்தளை மங்கலாக, மூலைகளில் பழுப்பாக இருக்க வேண்டும்.

பென்சில்வேனியா_பாலா

பித்து சார், காலில் விழுகிறேன். அந்த ஏலத்தில் ஒரு விக்கர்ஸும் (மாக்சிமில் இருந்து வந்த பிரிட்டிஷ் துப்பாக்கி) இருந்தது, அதன் அட்டையில் "பதிவு செய்த பக்கத்தகடு" என்று எழுதியிருந்தார்கள். விலை மதிப்பும் மாக்சிமை விடக் கணிசமாகக் குறைவு. பக்கத்தகடு என்றால்?

பித்தளைப்பித்து

விக்கர்ஸ், மாக்சிம், 1917 பிரவுனிங் இவற்றின் உடம்பு ஒற்றை வார்ப்பு இல்லை, தகடுகளை ரிவெட் அடித்துக் கட்டிய பெட்டி. இங்கே சட்டம் அதன் வலது பக்கத்தகட்டையே துப்பாக்கியாகக் கணக்கிடுகிறது. 1986க்கு முன்னால் உரிமம் பெற்ற சிலர் புதிய தகடு செய்து, எண் போட்டுப் பதிவு செய்து, பழைய உபரிப் பாகங்களை அதைச் சுற்றிக் கட்டினார்கள். சட்டப்படி அது முழு இயந்திரத் துப்பாக்கி. சேகரிப்பாளர் கண்ணில், மற்ற பாகங்கள் 1918 என்றாலும், இதயம் 1980களில் செய்தது. சுட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல வாங்கல், குறைந்த விலை, உடைந்தாலும் வயிறு எரியாது. அருங்காட்சிப் பொருளாக வேண்டும் என்றால், அசல் தகட்டோடு, 1968 பதிவோடு வருவதற்குக் காத்திருக்க வேண்டும்.

விக்கர்ஸ் பற்றி ஒன்று: மாக்சிமின் அந்த முழங்காலைக் கவிழ்த்து, மேல்நோக்கி மடங்கும்படி வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தால் பெட்டியின் உயரம் குறைந்தது, எடையும் பெருமளவு இறங்கியது. 1912 நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றது, 1968 வரை ஓட்டினார்கள். அதே 1968, அங்கே ஓய்வு, இங்கே பதிவு.

தேம்ஸ்கரை

பிரிட்டனில் உயிருள்ள இயந்திரத் துப்பாக்கி தனிநபர் கனவில் மட்டும்தான். நாங்கள் சேகரிப்பது செயலிழக்கச் செய்தவை, லண்டன் அல்லது பர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலையின் சான்றிதழோடு. அதிலும் ஜாதிகள் உண்டு. 1995க்கு முன் செயலிழந்தவற்றில் பாகங்கள் நகரும், மூடியைத் திறந்து லாக்கை இழுத்துப் பார்க்கலாம், அதற்கு மவுசு. அதற்குப் பிறகு வந்தவற்றில் வெல்டிங் அதிகம். 2016இல் ஐரோப்பிய விதி வந்த பிறகு செய்தவை கிட்டத்தட்ட இரும்புக் கட்டி, எதுவும் அசையாது. கோவை ஐயா ரசித்த அந்த ராவின கையெல்லாம் வெல்டிங்குக்கு அடியில். பழைய சான்றிதழோடு உள்ளதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், விற்க வேண்டும் என்றால் புதிய அளவுக்கு மறுபடி வெல்டிங் பார்க்கச் சொல்கிறார்கள். அதனால் என் லூயிஸ் துப்பாக்கியை நான் விற்கப்போவதில்லை.

சான்றிதழ் எண்ணையும் துப்பாக்கி எண்ணையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வியாபாரி எனக்கு ஒரு தடவை இரண்டும் பொருந்தாமல் அனுப்பி, "தட்டச்சுப் பிழை சார்" என்றார். திருப்பி அனுப்பினேன்.

சேப்பாக்கம்_செழியன்

வணக்கம், நான் புதிது. இதெல்லாம் படித்து ஆசை வந்துவிட்டது. சென்னையில் இருந்துகொண்டு, செயலிழந்த ஒன்றை வாங்கி வரவழைக்க முடியுமா? குறைந்தபட்சம் ஒரு லாக், ஒரு குழல்? அலமாரியில் வைக்கத்தான்.

ஹார்ட்ஃபர்ட்வாசி

வேண்டாம் தம்பி. 1959 ஆயுதச் சட்டத்தில் இயந்திரத் துப்பாக்கி தடை செய்யப்பட்ட ஆயுதம். மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது, சாதாரண உரிமத்தில் வரவே வராது. ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். லாக், குழல் என்று தனித்தனியாக வரவழைத்தாலும் சுங்கத்தில் உங்களுக்கு விளக்கம் சொல்ல வாய் இருக்காது.

வரலாற்றுப்பித்தன்

செழியன், நானும் தமிழ்நாட்டில் இருந்துதான் இதைச் சேகரிக்கிறேன், ஒரு ஆணி இரும்புகூட இல்லாமல். பயிற்சிக் கையேடுகள், மடித்துவைத்த வரைபடத் தாள்கள், முதல் உலகப்போர்த் தபால் அட்டைகள், படைப்பிரிவுப் புகைப்படங்கள். என்னிடம் ஒரு புகைப்பட அட்டை இருக்கிறது, விக்கர்ஸைச் சுற்றி இந்தியச் சிப்பாய்கள் உட்கார்ந்திருப்பது. பின்பக்கம் பென்சிலில் உருதுவில் நாலு பெயர்கள். அந்த நாலு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. இதற்கு உரிமம் வேண்டாம், வெல்டிங் வேண்டாம்.

நடத்துநர்

செயலிழந்த துப்பாக்கியின் வெல்டிங்கை எடுப்பது பற்றி ஒரு பதிவு வந்தது, நீக்கிவிட்டேன். அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம், இரண்டாவது எச்சரிக்கை கிடையாது. மற்றபடி இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

பென்சில்வேனியா_பாலா

இன்னும் ஒன்றே ஒன்று. துப்பாக்கி வாங்கும் காலம் வரும்வரை அதைச் சுற்றியுள்ள பொருள்களில் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. எதைப் பார்த்தால் விடக் கூடாது?

பித்தளைப்பித்து

நல்ல யோசனை. துப்பாக்கியை ஏற்றி வைக்கும் தாங்கிகளுக்கு இங்கே பதிவு தேவையில்லை. ஜெர்மன் 08இன் சறுக்குத் தாங்கியைப் பார்த்தால் விடாதீர்கள். நான்கு கால் வைத்து, ஸ்ட்ரெச்சர் மாதிரி தூக்கிப்போகும் அந்தத் தாங்கியும் துப்பாக்கியும் சேர்ந்தால் 60 கிலோவைத் தாண்டும். துப்பாக்கியை நினைவுப் பொருளாகத் தூக்கிக்கொண்டு போன சிப்பாய் இதைத் தூக்கவில்லை, பள்ளத்திலேயே விட்டுவிட்டான். அதனால் துப்பாக்கி கிடைக்கும், தாங்கி கிடைக்காது. விக்கர்ஸின் முக்காலி அப்படியில்லை, 1968 வரை ஓடியதால் தேடினால் கிடைக்கும், அவசரப்பட வேண்டாம்.

250 தோட்டாத் துணி பெல்ட் வாங்கினால் மடித்து வைக்காதீர்கள், மடிப்பில் கிழியும். தளர்வாகச் சுருட்டி வையுங்கள். பெல்ட்டில் தோட்டா அடுக்கும் கைப்பிடி இயந்திரம் கிடைத்தால், மரப் பெட்டியோடு சேர்த்துக் கேளுங்கள்.

மெல்பர்ன்_முத்து

தாங்கி வாங்கும்போது முன்கால் இரண்டும் ஒரே எண்ணா என்று பாருங்கள் பாலா. இங்கே ஒரு மன்றத்தில் இரண்டு தாங்கிகளில் இருந்து ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள், ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது.

பென்சில்வேனியா_பாலா

குறித்துக்கொண்டேன். அடுத்த மாதப் பட்டியலில் ஒரு தாங்கி வருகிறது, படம் நாளை போடுகிறேன், எண்களை எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.